மூடியில் வெட்டிய கட்டம்

அத்தியாயம் பதினொன்று

பத்மநாபன் சார் ‘சரி’ சொல்லிவிட்டுப் போனதிலிருந்து தர்மாம்பாளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

நிக்டியில் தொழிற்பயிற்சிக்கு வரும் பையன்கள் தங்குகிற விடுதி ஒன்று இருக்கிறது. அதற்கு அவர்தான் மேலாளர். வங்கியில் ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு தடவை கேட்டுத்தான் நம்புவார். போன வாரம் மழைத்தண்ணீரில் பேண்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு போபோடிச் சந்துக்குள் வந்தார். தர்மாம்பாளின் அடுப்பைப் பார்த்தார், குடத்தைத் திறந்து பார்த்தார், ஒரு கரண்டி சாம்பாரை உள்ளங்கையில் வாங்கிக் குடித்தார். கடைசியாக, டப்பா மூடியில் வெட்டியிருந்த க்யூஆர் கட்டத்துக்கு நேராகத் தன் போனைப் பிடித்தார்.

போன் திறந்துகொண்டது. தர்மாம்பாளின் படம் வந்தது. கீழே நாளைய சாப்பாடு. அதற்கும் கீழே ‘வேண்டும்’, ‘வேண்டாம்’.

“இது போறும்மா. பசங்க அவனவனே சொல்லிடுவான். நான் ஒவ்வொருத்தனாக் கேட்டு எழுதிண்டு உக்காந்திருக்க முடியாது” என்றார். சாம்பாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கணபதி விழா முடிந்ததும் விடுதிச் சாப்பாடு முழுவதும் இவளுக்கு. டிரஸ்டி ஒருவர் வந்து ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும்.

கணவர் ராஜா பிம்ப்ரியில் ஒரு ஃபவுண்டரியில் சுமை தூக்கியவர். இரும்பு வார்ப்புகளைத் தோளில் வைத்தே இடுப்பு எலும்பு தேய்ந்தது. பிறகு ஃபவுண்டரியே மூடிவிட்டது. அதற்கப்புறம் அந்த வீட்டுக்கு நிலையாக வரப்போகிற முதல் வேலை இது. இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு இப்போது அவர்தான் ஸ்கூட்டரில் டப்பா கொண்டுபோகிறார்.

அந்தக் கட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகன் கேஷவ் வேலை பார்க்கும் சின்ன ஆப் கம்பெனி கொடுத்தது அது. ஓட்டல், பேக்கரி, வீட்டுச் சமையல் செய்கிறவர்கள் என்று எல்லோருக்கும் அந்தக் கம்பெனி காகித ஸ்டிக்கர்தான் கொடுத்தது. எல்லோரும் ஒட்டிக்கொண்டார்கள். தர்மாம்பாள் மட்டும் ஒட்டவில்லை. பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டாமல் யாராவது வீட்டுக்குக் கொண்டுவருவார்களா என்று கேட்டாள். அவள் பிறந்த திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு தம்ளர் வாங்கினாலும் கடையிலேயே பேர் வெட்டித்தான் தருவான். காகிதம் தேங்காய் நாருக்கு நாலு நாள் தாங்காது. வெட்டினது வெட்டினதுதான்.

அப்படித்தான் பிம்ப்ரி மார்க்கெட்டில் இஸ்மாயில் கடையில், ‘தர்மாம்பாள்’ என்று தமிழில் பேரும், பேருக்குக் கீழே கட்டமும், எல்லா எவர்சில்வர் மூடியிலும் ஏறியது. சாப்பிடுகிற பையன்களுக்குத் தமிழ் தெரியாது. அவர்களுக்குப் பேர் ஒரு கோலம் மாதிரி. கட்டம்தான் அவர்களுக்கு அவள் பேர்.

வெள்ளிக்கிழமை காலை. புது டப்பாக்கள் கோணிச் சாக்கில் வாசலை அடைத்துக்கொண்டு நின்றன. விடுதிக்கென்று வாங்கியவை. இன்றைக்கு அவற்றுக்குக் கட்டம் வெட்ட வேண்டும்.

கேஷவ் நின்றுகொண்டே இட்லி தின்றான். தட்டைப் பார்த்தான், சாக்கைப் பார்த்தான், மறுபடி தட்டைப் பார்த்தான்.

“பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி நிக்கான் பாரு” என்றாள் தர்மாம்பாள். “ஏல, மத்தியானம் இஸ்மாயில் கடைக்கு நீயும் வா. கட்டம் சரியா விழுந்திருக்கான்னு ஒனக்குத்தான் தெரியும்.”

“பாக்குறேன்மா.”

ராஜா பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டே, கட்டத்தைத் திறந்ததும் இவள் முகம் வருவதால்தான் நேற்று நாலு பேர் ‘வேண்டாம்’ அமுக்கிவிட்டார்கள் என்றார். அவள் கையிலிருந்த கரண்டியைக் காட்டினாள். கேஷவ் சிரிக்கவில்லை. அதை இருவரும் கவனிக்கவில்லை.

அவன் மாதக்கணக்காக ஒன்றை வாய்க்குள் வைத்துக்கொண்டு நடக்கிறான்.

கட்டத்துக்குள் இருப்பது ஒரு லிங்க். அது போனை ஆப்புக்குள் சரியான பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும். ஆப் இல்லாத போனாக இருந்தால் முதலில் இறக்கச் சொல்லி, இறக்கியதும் அதே பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும். இந்த வேலையைக் கேஷவின் கம்பெனி செய்யவில்லை. வெளிநாட்டுப் பெரிய கம்பெனி ஒன்று இலவசமாகச் செய்து கொடுத்தது. ஊரில் பாதிப் பேர் அதைத்தான் நம்பியிருந்தார்கள். இப்போது அது அந்தக் கடையை மூடுகிறது. எப்போதோ சொல்லிவிட்டது. வருகிற திங்கட்கிழமையோடு அந்த லிங்குகள் எதுவும் திறக்காது.

பழைய லிங்கைப் புது இடத்துக்குத் திருப்பிவிடவும் வழியில்லை. அதன் முகவரியே அந்தப் பெரிய கம்பெனியுடையது. வாடகை வீட்டு வாசலில் பேர்ப்பலகை மாட்டியது போலத்தான். வீட்டுக்காரன் இடித்தால் பலகையும் விழும்.

ஆகவே ஒரு திட்டம் போடச் சொன்னார்கள். போட்டவன் கேஷவ். எந்த லிங்க் எங்கே அச்சாகியிருக்கிறது, எதை முதலில் மாற்றுவது, எதைப் பிறகு மாற்றுவது என்று ஒரு பெரிய அட்டவணை. சொந்த முகவரி ஒன்றை வாங்க வைத்தான். அந்த முகவரியைப் பார்த்ததும் ஆப் திறக்கும்படி செய்தான். பழைய போன், புதுப் போன் என்று தேடிப்பிடித்துச் சோதித்தான். சில போன்கள் ஆப்பை இறக்கியதும் எந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும் என்பதை மறந்துவிட்டன. அதோடு மல்லுக்கட்டினான். ஓட்டல்களை மாற்றினான், பேக்கரிகளை மாற்றினான். வீட்டுச் சமையல்காரர்களின் பகுதியைக் கடைசிக்கு வைத்திருந்தான். அதை எப்படிச் செய்வது என்று இன்றைக்குத்தான் முடிவு.

முடிவு தெரிந்தபின் அம்மாவிடம் சொல்லலாம் என்று இருந்தான். புதுக் கட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பழையது போகிறதம்மா, இதை வெட்டிக்கொள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம் என்று.

ஆபீஸ் பிம்ப்ரியில், மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு கட்டிடத்தின் மூன்றாவது மாடி. நாற்காலிகள் நிறைய, ஆட்கள் கொஞ்சம். ஜெயந்த்தான் முதலாளி. கேஷவைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். ஆனால் இந்த வருஷத்தில் கண்ணுக்குக் கீழே கருத்துவிட்டது.

சுவரில் அட்டவணையைப் போட்டுப் பார்த்தார்கள். ஓட்டல் பகுதி பச்சை. பேக்கரி பச்சை. ஜெயந்த் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். வீட்டுச் சமையல் பகுதிக்கு வந்ததும் நிறுத்தினார்.

ஒவ்வொரு வீட்டுக்கும் புது லிங்க் செய்ய வேண்டும், ஸ்டிக்கர் அடிக்க வேண்டும், போன் போட்டுப் புரிய வைக்க வேண்டும். ஒரு ஓட்டலுக்கு எவ்வளவு வேலையோ அவ்வளவு வேலை ஒரு அம்மாவுக்கும். யார் செய்வது என்று கேட்டார். கேஷவ் தான் செய்வதாகச் சொன்னான். ராத்திரி உட்கார்ந்தாவது செய்வேன் என்றான்.

ஜெயந்த் மடிக்கணினியை மூடினார். பிறகு இந்தியில் மெதுவாகச் சொன்னார்.

“வீடு மாத்தும்போது எல்லாத்தையும் லாரியில ஏத்த மாட்டாங்க கேஷவ். கொஞ்சத்தை அங்கேயே விட்டுட்டுத்தான் போவாங்க.”

லிங்கை மட்டும் அல்ல, வீட்டுச் சமையல் பகுதியையே விட்டுவிடுவதாக முடிவாகியிருந்தது. திங்கட்கிழமைக்கு மேல் அந்தப் பக்கங்களே ஆப்பில் இருக்காது. லிங்க் சாகிற நேரத்திலேயே எடுத்துவிட்டால் தனியாக யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பணம் போட்டவர்கள் அப்படித்தான் விரும்புகிறார்கள்.

காகிதமாக இருந்தால் கிழித்துவிடுவார்கள், ஆனால் சிலர் எவர்சில்வரில் வெட்டியிருக்கிறார்கள் என்றான் கேஷவ்.

ஜெயந்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெட்ட சிரிப்பு இல்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். “பாத்திரத்துலயா? யாரு அப்படிச் செய்வாங்க?”

“எங்க அம்மா.”

ஜெயந்த் அவள் கை எலுமிச்சைச் சாதம் தின்றிருக்கிறார். போன தீபாவளிக்கு முறுக்கு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். ஜன்னல் பக்கம் திரும்பினார். கீழே, பாலத்துக்கடியில் கணபதிக்காக டோல் மேளம் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். சத்தம் கண்ணாடியைத் தாண்டி வந்தது.

“க்யா கரூ(ன்), யார்” என்று, நான் என்ன செய்யட்டும் என்பதுபோல் கையை விரித்தார். தன்னால் முடிந்தால் செய்யமாட்டேனா என்றார். பணம் போட்டவர்களின் அடுத்த ஆட்குறைப்புப் பட்டியலில் தன் நாற்காலியே இருக்குமோ என்று தனக்கே தெரியாது என்றார். அதை நம்பாமல் இருக்க முடியவில்லை. கோபப்படவாவது ஓர் ஆள் இருந்திருக்கலாம் என்று கேஷவுக்குத் தோன்றியது.

சாயங்காலத்துக்குள் அட்டவணையை முடித்து அனுப்பச் சொன்னார்.

கேஷவ் தன் இடத்தில் உட்கார்ந்தான். வீட்டுச் சமையல் பகுதியில் யாருக்கும் பேர் கிடையாது. எண்தான். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ‘நிறுத்து’ என்று அடித்துக்கொண்டே வந்தான். ஓர் எண் அவனுக்கு மனப்பாடம். இஸ்மாயிலின் மெஷினில் கட்டத்தை ஏற்றிக் கொடுத்ததே அவன்தான். அந்த இடம் வந்ததும் விரல் நின்றது. நின்று என்ன ஆகப்போகிறது? அடித்தான். அடுத்த எண்ணுக்குப் போனான்.

அப்புறம்தான் சாக்கு ஞாபகத்துக்கு வந்தது.

அப்பாவுக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. அம்மாவுக்குப் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. குடையை எடுக்காமல் இறங்கி நடந்தான். மார்க்கெட் பக்கம்தான், ஆனால் அன்றைக்குத் தெருவில் இடமில்லை. தார்ப்பாய்க்கு அடியில் வரிசையாகக் கணபதிகள். விலை பேசுகிறவர்கள், மூஷிகத்தைத் தொட்டுப் பார்க்கிற குழந்தைகள், வழிமறித்து நிற்கும் டெம்போக்கள். டோல் சத்தம் நெஞ்சில் இடித்தது. இந்தச் சத்தத்தில் எமன் போன் போட்டாலும் கேட்காது.

இஸ்மாயிலின் கடை, பாத்திரக்கடை வரிசையின் கோடியில் ஒரு பொந்து. தர்மாம்பாள் மத்தியானச் சாப்பாட்டை அனுப்பிவிட்டு பஸ் பிடித்து வந்துவிட்டிருந்தாள். கவிழ்த்துப் போட்ட அண்டா மேல் உட்கார்ந்து, வெட்டி முடிந்த மூடிகளை ஒவ்வொன்றாக முந்தானையால் துடைத்தாள். ஒவ்வொன்றுக்கும் நேரே போனைப் பிடித்துப் பார்த்து, திறந்ததும் பக்கத்தில் அடுக்கினாள். சூடான எவர்சில்வர் வாசனை அடித்தது.

சாக்கில் இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

“வந்துட்டியா. இங்கன பாரு, ஒண்ணுகூட பிசகல” என்றாள். “போன தடவையவிட ஆழமா வெட்டியிருக்கான். எம்புட்டுத் தேய்ச்சாலும் போவாது.”

இஸ்மாயில் மெஷினை விட்டுத் தலையைத் தூக்கி, அக்கா தன்னை டீ குடிக்கக்கூட விடவில்லை என்று இந்தியில் புகார் சொன்னான்.

கேஷவ் மெஷினை நிறுத்தச் சொன்னான். இஸ்மாயில் நிறுத்தினான். சிவப்பு வெளிச்சம் அணைந்தது. மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள். ராஜா வாசலில் ஸ்கூட்டர்மேல் சாய்ந்திருந்தார். இடுப்பு வலித்தால் அப்படித்தான் நிற்பார்.

“அம்மா, இந்தக் கட்டம் திங்கட்கிழமையோட பந்த் ஆயிடும்.”

“பந்த்னா?”

“தொறக்காது. நம்ம கம்பெனி தப்பு இல்ல. அந்த லிங்க் குடுத்த பெரிய கம்பெனி மூடுறான்.”

தர்மாம்பாள் கையிலிருந்த மூடியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்துக்கொண்டு நின்றான். அவள் மூடியை அடுக்கில் வைத்தாள்.

“இதுக்கா மொகத்த எழவு வீட்டுக்குப் போனவன் மாதிரி வச்சிருக்க? கட்டம் மாறுச்சுன்னா புதுக் கட்டம் குடு. மேல வெட்டினத விட்டுட்டு உள்பக்கம் வெட்டிக்கிடுதோம். என்ன இஸ்மாயில்?”

உள்பக்கம் வெட்டலாம், இடம் இருக்கிறது என்றான் இஸ்மாயில். பழைய மூடிகளையும் கொண்டுவந்தால் அவற்றுக்கும் போட்டுவிடலாம் என்றான். கணபதிக்கு முன்னால் என்றால் நாளைக்கே கொண்டுவர வேண்டும், அதற்குமேல் கடை திறக்கமாட்டேன் என்றான். ஆளாளுக்கு வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். பழைய டப்பாக்களை இன்று சாயங்காலமே திரும்ப வாங்கிவிட வேண்டும். நாளை மட்டும் வாழையிலையில் கட்டிக் கொடுத்தால் போயிற்று. அவளுக்கு இது ஒரு வேலை. வேலை என்றால் அவளுக்குப் பயம் கிடையாது.

“எப்ப தருவ புதுச?” என்றாள்.

புதுசு கிடையாது. இரண்டே சொல். தொண்டைவரை வந்தது. இஸ்மாயில் பார்த்துக்கொண்டிருந்தான். அடுக்கி வைத்த மூடிகள் எல்லாவற்றிலும் தர்மாம்பாள், தர்மாம்பாள் என்று எழுதியிருந்தது.

“நாளைக்கு” என்றான் கேஷவ். தலையையும் ஆட்டினான்.

அவள் போன் அடித்தது. பத்மநாபன் சார். ஸ்பீக்கரில் போட்டு, டோல் சத்தத்துக்கு மேலே கத்தினாள். டிரஸ்டி நாளைக்கு வருவதாக இருந்தது, ஆனால் அவருக்கு மும்பையில் ஏதோ ஜோலி. செவ்வாய்க்கிழமை மத்தியானம் வருகிறார். சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, மூடியில் போனைக் காட்டி அந்தச் சௌகரியத்தையும் பார்த்துவிட்டு, அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடுவார். வேறே ஆள் பார்த்து வைக்கவில்லையே என்று இரண்டாவது தடவையாக அவள் கேட்டாள். அந்தக் கட்டம்தான் அவருக்கு முக்கியம், அது இருந்தால் வேறே ஆள் எதற்கு என்றார் அவர்.

“வாங்க சார். புது டப்பாவுலயே போடுதேன்” என்றாள்.

போனை வைத்ததும் முகம் மலர்ந்துவிட்டது. நல்லதாகப் போயிற்று, நாளைக்கென்றால் அவசரமாக இருந்திருக்கும் என்றாள். கேஷவுக்குப் பெரிய கணக்கு எதுவும் தேவைப்படவில்லை. நாளைக்கு வந்திருந்தால் கட்டம் திறந்திருக்கும். செவ்வாய்க்கிழமை திறக்காது. அவ்வளவுதான். நாளைக்கே திறந்திருந்தாலும் அதற்கப்புறம் என்ன என்பதையும் அவன் நினைக்காமல் இல்லை.

மிச்ச மூடிகளையும் வெட்டிவிடச் சொல்லிவிட்டு அவள் உள்ளே திரும்பினாள். பாதியில் விட்டால் அடுக்கு குறையாகத் தெரியும் என்றாள். மெஷின் மறுபடி கிர்ரென்றது.

கேஷவ் வெட்டி முடிந்தவற்றைச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான். ராஜா கயிற்றின் ஒரு முனையை நீட்டினார். இருவரும் ஸ்கூட்டரின் பின்சீட்டில் சாக்கைப் போட்டுக் கட்டினார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது.

“புதுசு இல்லல்லா?” என்றார் ராஜா.

கேஷவ் கயிற்றைப் பார்த்தான்.

“அந்தப் பக்கமே எடுத்துடுறாங்கப்பா. நான்தான் டைப் பண்ணேன். எல்லாருக்கும். அம்மாவுக்கும்.”

“ஒங்கம்மா பேரப் பாத்துமா அடிச்ச?”

“பேரு இல்லப்பா. நம்பர்தான் இருக்கும்.”

ராஜா ஒரு சுற்று சுற்றிக் கயிற்றை இழுத்தார். இழுக்கும்போது இடுப்பில் பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பிடிப்பு விட்டபின் பேசினார்.

“எங்க ஃபவுண்டரி மூடுனப்ப கடைசி நாள் வரைக்கும் ஒலை நல்லாத்தான் எரிஞ்சுது. சாயந்தரம் கேட்டுல நின்னு மேனேஜர்ட்ட கேட்டோம், நாளைக்கு ஷிஃப்டு உண்டான்னு. நீ இப்ப ஆட்டுன பாரு, இதே மாதிரிதான் தலைய ஆட்டுனான். நல்ல மனுசன்தான் அவனும்.”

அவர் குரலில் குற்றம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. கேஷவ் மறுபடி கடைக்குள் போய்ச் சொல்லிவிட நினைத்தான். ஒரு அடி வைத்தான். சொன்னால் அவள் என்ன கேட்பாள் என்று தெரியும். சரி, இப்ப என்ன செய்யணும் என்று கேட்பாள். அடி வைத்த கால் அங்கேயே நின்றது.

“அம்மாகிட்ட நீங்க சொல்றீங்களாப்பா?”

“நானா?” என்றார் ராஜா.

மெஷின் நின்றது. தர்மாம்பாள் கடைசி மூடியோடு வெளியே வந்தாள். முந்தானையைத் தலைக்குப் போட்டிருந்தாள். மூடியில் விழுந்த மழைத்துளியைக் கட்டைவிரலால் வழித்துவிட்டு, கட்டத்துக்கு நேராகப் போனைப் பிடித்தாள்.

திறந்தது. அவள் படம் வந்தது. நாளைக்குச் சாம்பார், பீன்ஸ் பொரியல், மோர் என்று கேஷவ்தான் காலையில் ஏற்றியிருந்தான். ‘வேண்டும்’ என்பதில் ஏற்கெனவே நிறையப் பேர் அமுக்கியிருந்தார்கள்.

போனை இருவர் பக்கமும் திருப்பிக் காட்டினாள்.

“நல்லாத்தான தொறக்குது? இத எதுக்கு மாத்துதாங்க?”

யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. ராஜா குனிந்து கயிற்றின் முடிச்சை அவிழ்த்தார். கேஷவ் அவசரமாக மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். இருவருமாக அதை மறுபடி கட்டத் தொடங்கினார்கள். முதலில் கட்டியதே இறுக்கமாகத்தான் இருந்தது.